துண்டை யார் எறிவது?

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற பஸ், திருநெல்வேலி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாக நாலு துண்டு உள்ளே விழுந்துவிடும். துண்டு எந்த சீட்டில் கிடக்கிறதோ அந்த சீட்டு நமக்கு. "அண்ணாச்சி, துண்டு கிடக்குல்லா?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், உட்காரப் போனவர் நகர்ந்துவிடுவார். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்தப் பட்டாவைத் தாமிரபரணிக் கரையில் யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

இப்படி வளர்ந்தவனுக்கு ஆங்கிலேயரின் துண்டு விசித்திரமாகத்தான் இருக்கும். நான் பிழைக்க வந்த இந்த நாட்டில் 'த்ரோ இன் த டவல்' என்றால் முடியவில்லை, விட்டுவிட்டேன் என்று பொருள். வேலையை விடுகிறவர் சொல்வார், விவாகரத்துக்குப் போகிறவர் சொல்வார், ஜிம்முக்குப் பணம் கட்டி ஒரே வாரத்தில் அலுத்துப்போனவரும் சொல்வார். நமக்கு இடம் பிடிக்கிற துண்டு, இவர்களுக்கு இடத்தைக் காலி செய்கிற துண்டு.

எல்லாம் குத்துச்சண்டையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெறுங்கையோடு பந்தயச் சண்டை போட்ட காலத்தில், மூலையில் நிற்கிற உதவியாளிடம் தண்ணீரும் நீர் உறிஞ்சும் பஞ்சும் இருக்கும். தன் ஆளால் இனி முடியாது என்று தெரிந்தால் அந்தப் பஞ்சை எறிவார். 1867இல் குவீன்ஸ்பெரி விதிகள் வந்து கையுறை போட்டார்கள். அதற்கும் பிற்பாடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பஞ்சின் இடத்துக்குத் துண்டு வந்தது. நம் பக்கம் குத்துச்சண்டை வடசென்னை ஆட்டம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப பரம்பரை என்று அங்கே வம்சாவளியே உண்டு. முகமது அலியே 1980இல் சென்னைக்கு வந்து ஆடிக் காட்டிவிட்டுப் போனார். நெல்லைச் சீமைக்காரனுக்குச் சிலம்பமும் கபடியும்தான்.

1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஜோ லூயிஸ் அடித்த அடியில் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங் முதல் சுற்றிலேயே திரும்பத் திரும்ப விழுகிறார். அவருடைய பயிற்சியாளர் மாக்ஸ் மாஹோன் துண்டை வீசினார். நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்துக் கயிற்றின் பக்கம் விட்டெறிந்தார். நியூயார்க் விதிப்படி துண்டு செல்லாதாம். பிறகு அவரே சண்டையை நிறுத்தினார். மொத்தமே 124 விநாடி.

துண்டை எறிந்தவர் ஷ்மெலிங் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அடி வாங்குகிறவன் கையில் துண்டே கிடையாது, கையுறைதான் இருக்கிறது. 1975இல் மணிலாவில் அலியோடு 14 சுற்று ஆடிய ஜோ ஃப்ரேசியர், கண் வீங்கிப் பார்வை மங்கிய நிலையிலும் பதினைந்தாவது சுற்றுக்கு எழுந்திருக்கத்தான் பார்த்தார். போதும் என்று நிறுத்தியவர் பயிற்சியாளர் எடி ஃபட்ச். அங்கே துண்டு பறக்கவில்லை, வேலை மட்டும் நடந்தது. பேச்சு வழக்கில் இங்கே அந்த மூலைக்காரரைத் தூக்கிவிட்டார்கள். நானே அடி வாங்கி, நானே துண்டை எறிந்து, நானே வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன். தனியாகவே எல்லாம் செய்து பழகிய சமூகத்துக்கு அதுதான் தோது போலிருக்கிறது.

நம் ஊர்த் துண்டை நான் ரொம்பத்தான் கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாதசுர வித்வான்கூடத் தோளில் துண்டோடு வாசிக்கக் கூடாது என்றிருந்த நாடு அது. பண்ணையார் தெருவில் வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்னோடு இந்தக் குளிரில் வேலை பார்க்கிறார்கள். ஊர் ஊர் என்று அவர்கள் உருகுவதில்லை. ஏன் உருக வேண்டும்?

புலம்பெயர்ந்தவனுக்கு மூலை இல்லாமல் இல்லை, ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அடி தெரியாது. தெரியவிடாமல் நாமும் பார்த்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தலையைச் சீவி, நல்ல சட்டை போட்டு, பின்னால் ஈரம் கோத்த சுவர் விழாதபடி போனைச் சாய்த்து வைத்து, "நல்லா இருக்கேன்" என்போம்.

அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை. விசாவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிய பிறகு மாதாமாதம் துண்டு விழும். அவன் தாய்மாமா நாலெழுத்துப் படித்தவர், விவசாயி, கூர்மையான ஆள். பையன் அறைக்குள்ளேயே ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். ஹீட்டர் போடக் காசில்லை என்று அவனாகச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அதே கோலம். "போதும் மருமவனே, கெளம்பி வா. கடன நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டார். அவன் ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. அந்த வருஷம் பிசான அறுப்பில் வந்ததைத் தூக்கிக் கடனில் பாதியை அடைத்தார்.

பையன் இப்போது கல்லிடைக்குறிச்சிப் பக்கம் லோடு வேன் ஓட்டுகிறான். தோற்றுப்போய் வந்துவிட்டான் என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களில் யாரும் வட்டிக்கு ஒரு ரூபாய் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது அந்த மாமாவைப் பார்த்தேன். குத்துச்சண்டை, மூலைக்காரர், துண்டு எல்லாவற்றையும் விளக்கி, "நீங்க செஞ்சது அதான் மாமா" என்றேன். வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். பிறகு கேட்டார்: "அதெல்லாம் சரி மாப்ள. அவன் வந்த பிளேன் டிக்கெட்டு எவ்வளவுன்னு எங்கிட்டச் சொல்லவே மாட்டேங்கான். ஒரு ஆளுக்கு என்ன ஆகும்?"