மூன்று விநாடிக்கு முன்

நவம்பர் 4, 2024, திங்கள்

அம்மாவைக் காலில் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கோஸ் தோட்டத்துச் சரிவில், மழைச் சேற்றில் வழுக்கி விழுந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். நான் பல்கலைக்கழகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு லெம்பா பெர்த்தாமில் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டேன்.

நான் போட்டியில் சுடும் பிஸ்டல், கிளப்பின் ஆயுத அறையில் பூட்டியிருக்கிறது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும். நான் சுடும் பாயிண்ட் டூ டூ எப்படி லயத்துக்கு வரும்? மாநில அணிக்கான தேர்வு நெருங்குகிறது. விரலுக்குத் தெரிந்ததையெல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும்.

நவம்பர் 5

விடாத மழை. 2013 அக்டோபர் 23 அதிகாலை அணை நீர் திறந்துவிடப்பட்டு இந்தப் பள்ளத்தாக்கு சேற்றில் மூழ்கியது. அதற்குப் பிறகு மழை வலுத்தால் இங்கே யாரும் முழுதாகத் தூங்குவதில்லை. சத்தம் எதுவும் வரவில்லை. வருமோ என்று தோள்கள் மட்டும் விடியும்வரை இறுகியே இருந்தன.

நவம்பர் 9, சனி

நான் சுடுவது 25 மீட்டர் பிஸ்டல். மொத்தம் 60 தோட்டா. முதல் 30 நிதானச் சுற்று, ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம். அதில் எனக்குப் பயமில்லை. அடுத்த 30 வேகச் சுற்று. கையை 45 பாகை தாழ்த்தி நிற்க வேண்டும். 7 விநாடி காத்திருப்பு, பிறகு 3 விநாடிக்குப் பச்சை விளக்கு. அதற்குள் கை உயர்ந்து ஒரு தோட்டா போயிருக்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் இரண்டு வெண்கலம் வாங்கிய இந்தியாவின் மனு பாகர், இந்த 25 மீட்டரில் மூன்றாம் இடத்துக்கான கூடுதல் சுற்றில் ஹங்கேரியின் வெரோனிகா மேஜரிடம் தோற்று நான்காவதாக வந்தார். அன்று அழுதேன்.

இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகபட்சம் 220 மில்லிமீட்டர். முன்குறி பின்குறியின் பள்ளத்தை விட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தாண்டி அது 11 சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். வேகச் சுற்றின் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர்தான். நடுவில் போக வேண்டிய தோட்டா எட்டில் விழும். கை முழுவதும் சாயாமல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலோ, தோட்டாவும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். நடுக்கத்தை எண்ணி இவ்வளவு காலம் கலங்கியிருக்கிறேன். கெடுப்பது நடுக்கமல்ல, சாய்வு. சாய்ப்பது விரல்.

டிரிகரின் எடை குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. பிஸ்டலே 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. நீட்டிய ஒற்றைக் கையில் நிற்கும் ஒரு பொருளை, ஏறக்குறைய அதன் எடைக்குச் சமமான விசையால், அதை அசைக்காமல் அழுத்த வேண்டும். விரல் நுனியின் சதைப்பகுதி படவேண்டும். அழுத்தம் நேர் பின்னால் போகவேண்டும். மற்ற மூன்று விரல்களின் பிடி முதலில் இருந்தபடியே இருக்கவேண்டும். குறி சரியாக அமைந்த நொடியில் மனம் "இப்போ!" என்கிறது, ஐந்து விரலும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. வலக்கைக்காரர்களுக்குத் தோட்டா இடப்பக்கம் கீழே போவது பெரும்பாலும் இதனால்தான்.

கோச் எங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாவைக் கலந்து வைப்பார். வெடிக்காமல் "டக்" என்று மட்டும் கேட்கும்போது குழல்வாய் தலைகுனிவது அப்பட்டமாகத் தெரியும். வராத சத்தத்துக்கு உடம்பு முன்கூட்டியே பயந்துவிடுகிறது.

நவம்பர் 14, வியாழன்

பக்கத்து லயத்துத் தாத்தா அம்மாவைப் பார்க்க வந்தார். நான் சுவரைப் பார்த்து வெறுங்கையை நீட்டி நிற்பதைக் கண்டுவிட்டார்.

"துப்பாக்கி தூக்கத்தான் ஒங்கம்மா ஒன்ன படிக்க அனுப்புனாளா?"

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் அவர் சின்னப் பையன். ஊரடங்கு, தோட்டத்தை விட்டு அரிசி வெளியே போகாமல் சோதனை. "வேட்டுச் சத்தம் கேட்டா எங்கம்மா எங்க வாயப் பொத்திக்கிட்டுப் படுத்திருக்கும்" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? எங்கள் போட்டி எப்படி நடக்கும் என்பதை மட்டும் சொன்னேன். சுடாத நேரத்தில் குழலுக்குள் வண்ணக் கயிறு செருகியிருக்கும். கட்டளை வராமல் பிஸ்டலைத் தொட முடியாது. சுடத் தயாராகும்வரை விரல் டிரிகரில் படக் கூடாது.

"சுடாம இருக்கவும் சொல்லிக்குடுக்குறாங்களா?"

"அதுதான் மொத பாடம் தாத்தா."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி குடிக்காமல் போய்விட்டார். அது கோபமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நவம்பர் 15

இரவு முழுவதும் அம்மாவுக்கு வலி. பயிற்சி இல்லை.

நவம்பர் 23, சனி

வெயில் வந்தது. அம்மாவை வாசலில் உட்காரவைத்து கீரை முறத்தைக் கொடுத்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டே கிள்ளினார். கண் முறத்தின் பக்கமே வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்தன. மணிக்கட்டு அப்படியே இருந்தது. தேயிலையில் கத்திரியும் இயந்திரமும் வருவதற்கு முன் கொழுந்து கிள்ளிய கை அது.

"இவ்ளோ வேகம் எப்படிம்மா வந்துச்சு?"

"கிள்ளுறதுல என்னா வேகம்? வெரசா கிள்ளுனா தண்டோட வந்துரும், கங்காணி திட்டுவாரு. இது முடியறதுக்குள்ள அடுத்த கொழுந்துக்குக் கை போயிருக்கணும், அவ்ளோதான்."

பிறகு கோஸ் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 24

காலையிலிருந்து ஒரே பயிற்சி. கை மேலே வந்து சேர்ந்த பிறகு விரலைத் தொடங்கினால், மூன்று விநாடியில் கடைசித் துளிதான் மிஞ்சும்; அதில்தான் அந்த வெடுக்கென்ற இழுப்பு. கை எழும்போதே அழுத்தத்தைத் தொடங்கினேன். கண் முன்குறி நிற்கவேண்டிய இடத்துக்கு வரும்போது பாதி எடை ஏறியிருக்கிறது. மீதி நிற்காமல், கூடாமல் குறையாமல், அதே சீராகப் போகிறது. சுட்டபின் விரலை அப்படியே வைத்து, குறி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். வெறுங்கையில் குறி ஏது? பார்க்கிறேன், அவ்வளவுதான். மனசு லேசாக இருக்கிறது.

நவம்பர் 27

எல்லாம் போய்விட்டது. விரல் கட்டைபோல் நிற்கிறது. வெறுங்கையில் 1,000 கிராமை எப்படி உணர்வது?

டிசம்பர் 2, திங்கள்

கோச் கூப்பிட்டார். தேர்வுக்கு முன் ஒரு வாரமாவது ரேஞ்சில் நின்றாக வேண்டும் என்கிறார். கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும் என்கிறார் டாக்டர். அண்ணன் லீவு கேட்டிருக்கிறான், பதில் வரவில்லை. "நீ போ, பக்கத்துல ஆள் இருக்கு" என்கிறார் அம்மா. இரவில் கழிப்பறைக்கு அவரை யார் தாங்கிப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். தாப்பா போகும் பஸ் காலையில் இருக்கிறது. துணிகளை எடுத்து வைக்கவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.