பீர்க்கன்கரணையில் ஒரு கிரிஸ்

தாம்பரத்துக்குத் தெற்கே ரயில் பிரயாணம் செய்கிறவர்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டேதான் பிரயாணம் செய்கிறார்கள். செங்கற்பட்டு வரும்போது விழித்துக்கொண்டால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். ஆகையால் பெருங்களத்தூர் ஸ்டேஷனிலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவனை அவர்கள் சற்று அனுதாபத்துடன் பார்ப்பது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அனுதாபம் நமக்கும் கிடைத்தது.

நாம் போக வேண்டிய இடம் பீர்க்கன்கரணை. பெயருக்கு நியாயமாக ஒரு பீர்க்கங்கொடியையாவது பார்த்துவிட வேண்டும் என்று வழிநெடுகத் தேடினோம். கொடி அகப்படவில்லை, ஏரி அகப்பட்டது. லாரிகளும் பஸ்களும் ஓயாமல் அலறிக்கொண்டு போகும் பெருஞ்சாலைக்கு அருகில், தனக்கும் அந்த அலறலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் அது கிடந்தது. நெடுங்காலம் தனிப் பேரூராட்சியாக இருந்த இவ்வூர், 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஏரிக்கரையில் சற்று நேரம் நின்றுவிட்டு நண்பர் வீட்டுக்குப் போனோம்.

நண்பர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்தாழ்வாரத்தில் ஒரு பலகை, நாலைந்து உளிகள், கொட்டாப்புளி, அரம், உப்புத்தாள். சுவரில் வரிசையாக ஆறு மர உறைகள் தொங்கின.

"உறை ஆறு இருக்கிறதே, கத்தி எத்தனை?" என்று கேட்டோம்.

"கத்தி ஒன்றுதான்" என்றார் நண்பர். "இந்த ஆறில் எதற்குள்ளும் அது நுழையாது."

அந்தக் கத்திதான் 'கிரிஸ்'. மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் ஆண்மகனுக்கு அணியாகவும், குடும்பத்துக்குச் சொத்தாகவும், அரசனுக்குச் சின்னமாகவும் விளங்கிய குத்துவாள். சில கிரிஸ்கள் நேராக இருக்கும். சில பாம்பு ஊர்வதுபோல் நெளிந்திருக்கும். நெளிவுகளை எண்ணினால் எப்போதும் ஒற்றைப்படையாகவே வரும். கைப்பிடியை நெருங்குமிடத்தில் அலகு ஒருபக்கமாக அகன்று, யானைத் துதிக்கைபோல் ஒரு சிறு வளைவு கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை யானைத் துதிக்கை என்றே சொல்கிறார்கள். இந்தோனேசியாவின் கிரிஸ் கலையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2005-ல் மனித குலத்தின் அரிய மரபுகளில் ஒன்று என்று அறிவித்தது.

பீர்க்கன்கரணைக்கு அது எப்படி வந்தது? நண்பரின் தகப்பனார் இளவயதில் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பிறகு, 1942-லும் 1943-லும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆள் பிடிக்க வந்த அன்று, பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் கிராணியைத் தம் வீட்டில் மறைத்துவைத்துச் சோறு போட்டார். மூன்று மாதம் அங்கேயே இருந்தாராம். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் தாய்நாடு திரும்ப 'ரஜூலா' கப்பலில் ஏறும் சமயம், அந்த மலாய்க்காரர் தம் வீட்டுக் கிரிஸை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். "மகனுக்குக் கொடுப்பதைத்தான் உனக்குக் கொடுக்கிறேன்" என்றாராம்.

அந்தப் பொருள் அறுபது வருஷ காலம் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. 2015 டிசம்பர் பெருமழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பெட்டி மூன்று நாள் நீரில் கிடந்தது. திறந்து பார்த்தபோது உறை ஊறிப் பிளந்திருந்தது, கைப்பிடி உப்பியிருந்தது, அலகு முழுவதும் துரு.

"அதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய பாவம்" என்றார் நண்பர். "ஈரம் போகட்டும் என்று உறையையும் பிடியையும் வெயிலில் வைத்தேன். மாலைக்குள் இரண்டும் சுக்கலாயின. நிழலில் வைத்து ஆற விட்டிருந்தால் பிழைத்திருக்கும்."

மழை நின்றதும் தெருவில் காயலான் கடைக்காரன் வந்தான். அலகைக் கையில் தூக்கிப் பார்த்து, இரும்பு விலை சொன்னான்.

இதைக் கேட்டபோது நமக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. 1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றிக் காலமானார். கும்பினியார் தஞ்சைப் பட்டத்தையே ஒழித்தார்கள். அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களிலும் கட்டாரிகளிலும் ஒரு பகுதி 1860-களில் சென்னை மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. யாளி முகமும் கிளி மூக்குமாக நம் கம்மியர் இழைத்த பிடிகளை எழும்பூரில் இன்றும் காணலாம். மற்றவற்றில் ஏராளமானவை உடைபட்டுப் பழைய உலோகமாகவே விலைபோயின. அன்று அவற்றை எடை போட்டவர்களிடம் "இது ஒருவர் கொடுத்தது" என்று சொல்ல யாரும் இல்லை. காயலான் கடைக்காரனிடம் நம் நண்பர் சொன்னார். அவனும் தலையை ஆட்டிவிட்டு அலகைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்றே உளி பிடிக்கத் தொடங்கிய நண்பருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதற்குமுன் அவர் மரத்தில் செய்த வேலை பென்சில் சீவியது ஒன்றுதான்.

நெளிந்த கத்திக்கு நெளிந்த உறை வேண்டும் என்றல்லவா நாம் நினைப்போம்? அப்படிச் செய்தால் கத்தி உள்ளே போகாது, போனால் வெளியே வராது. உறையின் தண்டுக்குள், நெளிவின் முழு அகலத்துக்கும் இடம்விட்டு நேராகக் குடைய வேண்டும். பிடிமானமெல்லாம் வாய்ப்பக்கத்தில்தான். அங்கே படகுபோல் இருபுறமும் நீண்ட ஒரு குறுக்குக்கட்டை உண்டு. மலாயில் 'சம்பிர்' என்பார்கள். அலகின் அகன்ற அடிப்பாகம் அந்தக் கட்டையில் நூலிழை பிசகாமல் உட்கார வேண்டும். தளர்ந்தால் கத்தி நழுவும். இறுகினால் மரம் பிளக்கும். சுவரில் தொங்கிய ஆறும் இந்த இரண்டு குற்றங்களுக்குள் அடங்கியவை. ஜாவாவில் உறை செய்கிறவர்களுக்கு 'மிராங்கி' என்று தனிப் பெயரே உண்டு. அலகை அடிக்கும் கொல்லர் வேறு, இவர்கள் வேறு. ஒரே ஆயுளில் இரண்டையும் கற்பது கடினம் என்பது ஆறு உறைகளைப் பார்த்த நமக்கு விளங்கிற்று.

கைப்பிடியின் கதை இன்னும் சுவையானது. பேராக் பக்கத்துப் பிடியில் ஒரு மனிதன் தலையைக் கவிழ்த்து, கைகளை வயிற்றோடு சேர்த்துக் குறுகி உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு வடிவம். 'ஜாவா டெமாம்', அதாவது 'ஜுரம் வந்த ஜாவாக்காரன்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் செதுக்க அந்நாட்டார் விரும்பும் மரங்களில் ஒன்று 'கெமுனிங்'. நம் கறிவேப்பிலைக்கு உறவான மரம் அது. நண்பர் வீட்டுக் கொல்லையில் வயதான கறிவேப்பிலை மரம் ஒன்று அந்த வெள்ளத்திலேயே பட்டுப்போயிற்று. அதன் அடிமரத்தை இரண்டு வருஷம் நிழலில் உலர்த்தினார். "இந்தத் தடவை வெயிலில் வைக்கவில்லை" என்றார். நெருங்கிய ரேகையுள்ள கெட்டி மரம். உளிக்கு நன்றாக இடம் கொடுத்தது. மெருகேற்ற மலாய்க்காரர்கள் சொரசொரப்பான ஒருவகை இலையைத் தேய்ப்பார்களாம். இவர் உப்புத்தாளுக்குப் பிறகு பிராய் இலையால் தேய்த்து, தேன்மெழுகு பூசினார். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் வரும் பூவிதழ் போன்ற வளையத்துக்கு ஒரு பழைய பித்தளைக் கிண்ணம் உயிரை விட்டது. துருவை எலுமிச்சம்பழச் சாற்றால் போக்கினார். அதன்பின் பாஷாணம் பூசி அலகைக் கறுப்பாக்குவது அந்நாட்டு முறை. பேரக்குழந்தை இருக்கும் வீடு என்று அதை மட்டும் விட்டுவிட்டார்.

ஜாவாவில் சுகூ என்னும் இடத்தில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சிற்பத்தில் பீமன் கொல்லனாக ஆயுதம் அடிக்கிறான். அர்ஜுனன் துருத்தி ஊதுகிறான். நடுவே ஆனைமுகன் ஆடுகிறான். அதன் படத்தை நண்பர் பலகைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். "பாண்டவர்களே செய்த வேலை, குமாஸ்தா செய்தால் என்ன?" என்பது அவர் வாதம்.

கடைசியாக ஏழாவது உறையைக் கொண்டுவந்தார். பூவரசு மரம்; செம்மை கலந்த கருநிறம். வலது கையால் உறையையும் இடது கையால் பிடியையும் தாங்கி, இரண்டு கையாலும் நீட்டினார். நாமும் இரண்டு கையாலும் வாங்கினோம். மெல்ல இழுத்தோம். சத்தமில்லாமல் வந்தது. துரு தின்ற குழிகளுக்கிடையே, நீரோட்டம்போல் வெள்ளிய ரேகைகள் அலகில் ஓடின. குழிகளை அவர் மறைக்கவில்லை.

"மலாயில் உறைக்கு 'சாருங்' என்று பெயர்" என்றார். "நம் தென்பாண்டிச் சீமையில் இடுப்பில் கட்டுகிறோமே, சாரம், அதுவும் அந்தச் சொல்தான். பெரியவர் கொடுத்ததை வெற்று உடம்போடு பெட்டியில் போட்டுவைக்க மனம் வரவில்லை."

திரும்பும்போது உடைந்த பழைய உறை எங்கே என்று விசாரித்தோம். சுக்கல்களையெல்லாம் ஒரு துணியில் முடிந்து, அதே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். அளவு எடுத்ததும் அதிலிருந்துதான்.

நேயர்களுடைய வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது ஒன்று கிடக்கலாம்: பிடி கழன்ற பாக்குவெட்டி, மூடியில்லாத செல்லப்பெட்டி, பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு பொருள். காயலான் கடைக்காரன் தெருமுனையில் குரல் கொடுக்கும்போது, அதை யார் கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகும் விற்கத் தோன்றினால் விற்கலாம்.