பாலாற்றங்கரையில் ஒரு படையெடுப்பு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றில் இறங்கி நின்றால் கோடையில் கரைக்குக் கரை மணலே தெரிகிறது. ஆயினும் ஒரு முழம் தோண்டினால் ஊற்றுக் கசிந்து, கலங்கி, சற்றைக்கெல்லாம் தெளிந்த நீராகிவிடுகிறது. இந்த நதிதீரத்தைத்தான், 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே இறங்கிய மைசூர் ஹைதர் அலியின் பெருஞ்சைன்யம் ரணகளமாக்கிற்று.

செப்டம்பர் 10-ஆம் தேதி, நதிக்கு வடக்கே புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அழிந்துகொண்டிருந்தபோது, பீரங்கி முழக்கம் காதில் விழும் தூரத்தில் காஞ்சியில் இருந்தும், 1764-இல் பக்ஸாரில் வென்ற அதே ஸர் ஹெக்டர் மன்றோ உரிய சமயத்தில் போய்ச் சேரவில்லை. மறுநாள் பெரும்பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். இது மன்னிக்கத்தக்க தாமதமென்று என்னால் எண்ண முடியவில்லை.

அந்தப் பக்கத்திலேயே, வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடலில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஒன்றை வீரராஜேந்திர சோழரின் 11-ஆம் நூற்றாண்டுச் சாஸனம் கூறுகிறது. காயமுற்ற சிப்பாய்களுக்கு அப்போது அப்படியொன்று வாய்க்கவில்லை.

கொளவாய் ஏரியை அரணாகக் கொண்ட செங்கற்பட்டுக் கோட்டையில் கர்னல் காஸ்பியின் படை வந்து கூடியதே மன்றோவுக்குக் கிடைத்த ஆறுதல். அங்கிருந்து அவர் பரங்கிமலைக்கு நகர்ந்துவிட, முற்றுகையில் தவித்த கோட்டையை 1781 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஸர் அயர் கூட் வந்து மீட்டார். கோட்டைக்கு மீட்சி கிடைத்தது; கொளுத்தப்பட்ட கிராமங்களுக்கோ க்ஷாமமே கிடைத்தது.

செங்கற்பட்டுக்குக் கீழே ஆறு அகன்று, வயலூரருகே கடலில் கலக்கிறது. சற்று வடக்கே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் டச்சு எழுத்துகள் பொறித்த கல்லறைப் பலகைகள் கடற்காற்றில் கிடக்கின்றன. இக்கடலில்தான் 1782 பிப்ரவரி 17-இல் பிரெஞ்சுத் தளபதி ஸுஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் வெற்றி தோல்வியின்றிப் பொருதனர். பின்னர் பிரெஞ்சுத் துருப்புகள் பரங்கிப்பேட்டையில் இறங்கி ஹைதருக்குத் துணையாயின. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு யுத்தம் ஓய்ந்தது.

தளபதிகளை நூல்கள் மறக்கவில்லை. குடிகளை யார் நினைப்பது? யுத்தத்துக்குச் சில ஆண்டுகளே முன்பு, 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்ற பொறியாளர் இச்சீமையைக் கிராமம் கிராமமாக அளந்து, வீடும் ஏரியும் விளைச்சலும் கணக்கெடுத்து வைத்தார். அழிவுக்கு முன் நம் ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் இல்லை. செங்கற்பட்டுச் சீமையார் ஒவ்வொருவரும் அக்கணக்கில் தம் ஊரைத் தேடிப் பார்க்க வேண்டுகிறேன்.