மழையில் நின்று பார்த்த ‘மெக்பெத்’

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் ஆங்கில இலக்கிய வகுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து பத்து வரி வாசிக்க வேண்டும். ‘மெக்பெத்’ நாடகத்தில் எனக்கு வாய்த்தது கோட்டை வாயிற்காவலன் பேசும் பகுதி. பாதிச் சொற்களை எப்படி உச்சரிப்பது என்றே தெரியவில்லை. திக்கித் திணறி முடித்தபோது வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. தேர்வு முடிந்த மறுவாரம் அந்தப் புத்தகத்தைப் பிராஸ் பசாவில் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து, உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் அதே நாடகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். முதல் சோதனையில் தோல்வி. “புரியலைன்னா பரவாயில்லம்மா, நோட்ஸை மனப்பாடம் பண்ணிடு” என்றேன். “உங்களுக்கு இந்த நாடகம் பிடிச்சுதாம்மா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்த ஜூன் விடுமுறையில் லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போவதாக இருந்தது. போன இடத்தில் ‘குளோப்’ அரங்கில் ‘மெக்பெத்’ நடப்பது தெரிந்தது. மதியக் காட்சிக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கினேன். இருப்பதிலேயே விலை குறைந்தவை. உட்கார இடம் கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஓலைக்கூரை அரங்கம்

செயின்ட் பால்ஸ் நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கி, தேவாலயத்தைத் தாண்டி, மில்லேனியம் நடைபாலத்தில் தேம்ஸ் நதியைக் கடந்தால் தென்கரையில் குளோப் தெரியும். வெள்ளைச் சுவரும் மரச் சட்டங்களும் கொண்ட வட்டமான கட்டடம். கூரை நாணலால் வேயப்பட்டது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு லண்டன் நகரில் எழுந்த முதல் வேய்ந்த கூரை இதுதான்.

ஷேக்ஸ்பியரின் குழு 1599ல் கட்டிய அரங்கம், 1613ல் ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தின்போது வெடித்த பீரங்கியின் தீப்பொறி கூரையில் பட்டு எரிந்துபோனது. மறு ஆண்டே மீண்டும் கட்டினார்கள். 1642ல் நாடக அரங்குகளை மூடச் சொல்லி நாடாளுமன்றம் உத்தரவிட்டதும் அதன் கதை முடிந்தது.

இப்போதிருப்பது 1997ல் திறக்கப்பட்டது. 1949ல் லண்டன் வந்த சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர், குளோப் இருந்த இடத்தைத் தேடிப் போனார். அங்கே ஒரு மதுபான ஆலைச் சுவரில் பதித்த பலகை மட்டுமே இருந்தது. அரங்கை மீண்டும் எழுப்பப் பல ஆண்டுகள் பாடுபட்ட அவர், திறப்பு விழாவைப் பார்க்காமலே 1993ல் காலமானார்.

வட்டத்தின் நடுவே திறந்த முற்றம். ஏறக்குறைய 700 பேர் நிற்கலாம். அந்தக் காலத்தில் இங்கே நிற்பதற்கு ஒரு பென்னிதான் கட்டணம். காட்சி நடக்கும்போது தரையில் உட்காரக் கூடாது, குடை விரிக்கக் கூடாது. நாங்கள் சீக்கிரமே போய் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றி நின்றோம். தூறல் விழுந்தது. “உட்கார டிக்கெட் வாங்கியிருக்கலாமேம்மா” என்று மகள் முணுமுணுத்தாள்.

பட்டப்பகலில் நள்ளிரவு

‘இருளைப் பற்றிய உருவகங்களைப் பட்டியலிடுக’ என்று பள்ளியில் ஒரு கேள்வி வரும். பட்டியல் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எதற்காக இத்தனை இருள் என்று யோசித்ததே இல்லை. குளோபில் அதற்கு விடை கிடைத்தது. மன்னனைக் கொல்லும் அந்த இரவுக் காட்சி, எங்கள் கண்ணெதிரே மதிய வெளிச்சத்தில் நடந்தது. அணைக்க விளக்கே இல்லை. பேங்குவோவும் அவன் மகனும் ஒரு தீப்பந்தத்துடன் வந்து, நிலா மறைந்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவுதான், முற்றம் முழுவதும் இரவானது. 1606 வாக்கில் எழுதப்பட்ட அந்த வரிகள்தான் அன்றைய மேடையின் விளக்கு அமைப்பு!

கொலை முடிந்து, கணவனும் மனைவியும் ரத்தக் கைகளுடன் நிற்கிறார்கள். கோட்டைக் கதவைத் தட்டும் சத்தம். மரப்பலகை வழியாக அந்த அதிர்வு எங்கள் முழங்கை வரை வந்தது. குடிபோதையில் தள்ளாடியபடி வாயிற்காவலன் வந்தான். தன்னை நரகத்தின் காவல்காரனாகக் கற்பனை செய்துகொண்டு, முற்றத்தில் மழையங்கியுடன் நின்ற ஒரு பெரியவரைச் சுட்டிக்காட்டி உள்ளே வரச் சொன்னான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் நினைவுக்கு வந்தான். அவனும் இப்படித்தான் கதைக்குள் நின்றுகொண்டே பார்ப்பவர்களை வம்புக்கு இழுப்பான்.

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, அன்று வகுப்பில் நான் திணறி வாசித்த அதே வரிகள் இவை. சிரிக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. அது எங்களில் யாருக்கும் தெரியாததால்தான் சிரிப்பு என்மேல் விழுந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மெக்டஃப் கொலையைக் கண்டு அலறினான். முற்றம் சட்டென்று உறைந்துபோனது. சிரித்த வாயை மூட நேரமில்லாத அந்தக் குற்ற உணர்வை எந்த நோட்ஸும் தர முடியாது.

லேடி மெக்பெத் தூக்கத்தில் நடந்தபடி கையைக் கழுவும் காட்சியில், மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மழை நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. முடிவில், செத்தவர்கள் எல்லாம் எழுந்து ஆடினார்கள். 1599ல் லண்டனில் ‘ஜூலியஸ் சீசர்’ பார்த்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணியும், நாடகம் முடிந்தபின் நடந்த ஆட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் மகள் நின்றாள். “நோட்ஸ்ல அவளுக்குப் ‘பேராசை’ன்னு ஒரே வார்த்தை போட்டிருக்காங்க. கடைசியில அவகூடப் பேச ஆளே இல்லம்மா. அதை யாரும் சொல்லலையே” என்றாள்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முன்னால் ஒரு வகுப்பே இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. ஆனால் நாடகம் நடிப்பதற்காக எழுதப்பட்டது. சென்னையில் 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் இதை அறிந்திருந்தார். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆகவும், மெக்பெத்தை ‘மகபதி’ ஆகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

நீங்களும் போகலாம்

குளோபின் திறந்தவெளிக் காட்சிகள் கோடைக்காலத்தை ஒட்டி நடக்கும். மெல்லிய மழையங்கியும் வசதியான காலணியும் அவசியம். கால் வலி தாங்காதவர்கள் இருக்கைச் சீட்டு வாங்கலாம். முந்தின இரவு பிள்ளைகளுக்குக் கதையை மட்டும் சொல்லிவிடுங்கள்.

லண்டன்தான் போக வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூர் ரெப்பர்ட்டரி தியேட்டர் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையேற்றியிருக்கிறது. நம் தமிழ் நாடகக் குழுக்களும் இங்கே உழைத்துக்கொண்டிருக்கின்றன. பாடநூலில் ஒரு நாடகம் வந்தால், அது எங்காவது மேடையேறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மதிப்பெண் ஏறியதா என்று கேட்பீர்கள். மகள் தேர்ச்சி பெற்றாள், பெரிய மதிப்பெண் எல்லாம் இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி நான் சண்டை போடுவது நின்றுவிட்டது. சில இரவுகளில் வாயிற்காவலன் பகுதியை நான் சத்தமாக வாசிக்கிறேன். இப்போதும் உச்சரிப்பு தடுமாறுகிறது. மகள் திருத்துகிறாள். இருவரும் சிரிக்கிறோம்.