நான்கிலிருந்து மூன்றுக்கு

வெள்ளி, இரவு

அப்பாவின் குரல் இருந்த ஃபோல்டரை இன்று மாலை நானே அழித்துவிட்டேன். ஏறக்குறைய அதே பெயரில், பாதி நகலாகி நின்றுபோன இன்னொன்று கிடந்தது. அதை நீக்குவதாக நினைத்து இதை நீக்கியிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசிய பதினோரு கேசட்டுகள். அவை தஞ்சாவூரில் அக்கா வீட்டுப் பரணில் இருக்கின்றன; மறுபடி ஓடவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

வீட்டுக் கோப்புகளை எல்லாம் வைத்திருக்கும் நாஸ் பெட்டியில் நான்கு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட், ரெய்டு 5. எந்த ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப்போட்டு அதில் இருந்ததை மீட்டுவிடலாம். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை பேர் வைத்த ஏற்பாடு. டிஸ்க் பழுதாவதற்குத்தான் அது மருந்து. நான் அழி என்றதும் நான்கும் சேர்ந்தே அழித்தன. இத்தனை வருஷமாக இதைத்தான் பேக்கப் என்று அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

சனி

12 டெராபைட் இடத்தில் நிரம்பியிருப்பது 3.4தான். ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டாலும் 8 மிஞ்சும். எடுத்த டிஸ்க் ஒரு நகலோடு வேறு ஊரில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

நான்கை மூன்றாகச் சுருக்கும் வேலையில் கை வைப்பதற்கு முன்பே ஒரு நகல் வேண்டும். 5 டெராபைட் யுஎஸ்பி டிஸ்க் வாங்கிவந்து, நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலை ஓடவிட்டேன். 14 மணி நேரம் ஆயிற்று.

ஞாயிறு

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 எண் எடுத்து, இரண்டு பக்கமும் ஒப்பிடச் சொன்னேன். பகல் முழுக்க அதற்கே போனது. எல்லாம் பொருந்தின. அப்படியும் மனசு கேட்காமல் முப்பது படங்களைத் திறந்து பார்த்தேன்.

திங்கள், இரவு

வீட்டுக்குள் சுவர் இடிப்பதென்றால் முதலில் அந்தப் பக்கத்துச் சாமானை எல்லாம் ஒதுக்க வேண்டும். இதுவும் அதே வரிசைதான். முதலில் கோப்பு முறைமை சுருங்க வேண்டும், பிறகுதான் அதைத் தாங்கும் ரெய்டு. முன்பின் மாறினால் கோப்புகளின் வால் அறுந்துவிடும். நல்லவேளை, இதில் போட்டிருப்பது இஎக்ஸ்டி4. எக்ஸ்எஃப்எஸ் என்றால் இப்படிச் சுருக்க முடியாது; எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் கட்டியிருக்க வேண்டும்.

அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. டிஸ்க் விற்பவர் கணக்கில் ஒரு டெராபைட் என்பது ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சைபர். சுருக்கும் நிரலோ 1024, 1024 ஆகப் பெருக்கிக்கொண்டு போகிறது. மூன்று டிஸ்க்கில் கிடைக்கும் 8 டெராபைட், அதன் கணக்கில் 7.3கூட வராது. ‘8’ என்று கொடுத்திருந்தால் மூன்று டிஸ்க்கில் கொள்ளாமல் போயிருக்கும். நான் தாராளமாக இடம் விட்டு 5 என்று கொடுத்தேன். கடைசியில் விரித்துக்கொள்ளலாம்.

அடுத்த படியை நான் மிகவும் மதிக்கிறேன். ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் நிரலில் அதன் அளவை மட்டும் முதலில் குறைத்துக் காட்டலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்தும் நகராது. அந்த நிலையில் கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். தப்பென்றால் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம். இதை எழுதியவர்கள் நம்மைப் போன்றவர்களின் பயத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் எழுதாமல், படிக்க மட்டும் திறந்து, அரை மணி நேரம் துழாவினேன். அக்கா கல்யாணப் படங்கள், தாத்தாவின் பட்டா நகல், எல்லாம் இருந்தன.

பத்து மணிக்கு நான்கை மூன்றாக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இடையில் தடைபட்டால் தொடர்வதற்கான காப்புக் கோப்பை ரெய்டுக்கு வெளியே, சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டியில் வைத்தேன். அதே ரெய்டுக்குள் வைத்தால் பயனில்லை. திரையில் மீதம் 1,900 நிமிடம் என்று காட்டியது.

செவ்வாய்

“கரண்ட் போனா என்னப்பா ஆகும்?” என்றார் அம்மா.

“யுபிஎஸ் இருக்கும்மா. அதுவும் தீர்ந்துபோனா விட்ட இடத்துலேர்ந்து தொடரும்.”

“அப்ப ஏன் அதையே பாத்துக்கிட்டு நிக்கிற?”

பதில் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு இருபது நிமிஷம் கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கியது. ஃபேன் நின்ற கூடத்தில் டிஸ்க்குகளின் கரகரப்பு தெளிவாகக் கேட்டது.

புதன்

காலை ஆறு மணிக்கு முடிந்தது. நான்காவது டிஸ்க் உபரி என்று காட்டுகிறது. கழற்றினேன். கோப்பு முறைமையை விரித்ததும் 8 டெராபைட்டும் வந்துவிட்டது.

சனி

கழற்றிய டிஸ்க்கை முழுக்கச் சோதித்து, புதிதாக ஃபார்மேட் செய்து, 3.4 டெராபைட்டையும் ஏற்றி ஒப்பிட்டாயிற்று. இடம் மட்டும் இறுக்கம். இன்னும் ஒரு வருஷத்து வீடியோ சேர்ந்தால் இதில் கொள்ளாது. எதை வைப்பது, எதை விடுவது என்று அக்காவோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஞாயிறு

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். அக்கா அதைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். “எப்ப வந்து மாத்துவ தம்பி?” என்றாள். பொங்கலுக்கு என்றேன். அட்டையில் இன்றைய தேதியை எழுதி ஒட்டிவிட்டு, பரணில் ஏறிக் கேசட் பெட்டியை இறக்கினேன். பதினொன்றும் இருந்தன. ஒன்றில் மட்டும் நாடா சுருண்டிருந்தது. அக்கா பென்சில் எடுத்துவந்து மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள்.