வலப்பக்கத்து வலி

எங்கள் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிறு இரவில் வயிற்றுவலி வந்தது. திங்கட்கிழமைப் பள்ளியை நினைத்து வந்த வலி என்றே எண்ணினோம். ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொன்னோம். விடியற்காலையில், உடல் கொதிக்க, வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவளைக் கண்டபோது எங்கள் சந்தேகம் எங்களையே சுட்டது.

குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டோம். ஆனால் ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருக்கவில்லை. சிறுகுடலின் கடைப்பகுதி தடித்து, அருகிலிருந்த நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன. சில மணிநேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த மணிநேரங்களில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. காத்திருக்கையில் குடல்வால் வெடித்துவிட்டால் என்ற பயம் ஒருவருக்கு. வீணாக வயிற்றைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயம் மற்றவருக்கு.

மாலையில் வலி தணிந்தது. இளம் மருத்துவர் ஒருவர் ஆய்வகத்திடம் தனியே சொல்லித் தேடச் செய்திருந்ததால், சில நாள் கழித்து வந்த மலப் பரிசோதனை முடிவில் ஒரு பெயர் இருந்தது: யெர்சினியா என்டிரோகோலிட்டிகா.

பிறகுதான் தேடிப் படித்தோம். 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் யெர்சினின் பெயரைத் தாங்கிய பாக்டீரியாக் குடும்பம் அது. பிளேக் கிருமிக்கே பங்காளி. பல கிருமிகள் குளிரில் ஒடுங்கிக் கிடக்க, இது 4 டிகிரி செல்சியஸிலும் பெருகும். குளிர்சாதனப்பெட்டி இதற்குத் தடையல்ல. 1976இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா கவுன்ட்டியில், பள்ளிப் பிள்ளைகள் குடித்த சாக்லேட் பாலில் இது கலந்திருந்தது. பதப்படுத்திய பாலில் சாக்லேட் பாகைக் கையால் கலக்கியபோது கிருமி சேர்ந்திருக்கலாம் என்று கருதினார்கள். உண்மை புலப்படுவதற்குள் 16 பிள்ளைகளின் குடல்வால் அகற்றப்பட்டிருந்தது.

அந்த மருத்துவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. குடல்வால் அழற்சியில் தாமதம் உயிருக்கே உலையாகலாம். யெர்சினியாத் தொற்றோ பெரும்பாலான பிள்ளைகளிடம் தானே அடங்கிவிடும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே விதமாக வலிக்கின்றன. அந்தப் பெற்றோரும் எங்களைப் போல் ஒரு விடியற்காலையில் நடுங்கும் கையால் கையெழுத்திட்டவர்கள்தாமே?

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது வயிறு வலிக்கிறது என்றால், நாளைக்குப் பள்ளி உண்டா என்று நாங்கள் கேட்பதில்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்கிறோம்.