பெரியம்மாவின் பையும் காலனிக் குழாயும்

தோழர்களே, புற்றுநோயாளிகளின் ‘வாழ்க்கைத் தர’த்தை அளக்க ஐரோப்பாவில் உருவான 30 கேள்விப் படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. வலி எப்படி, தூக்கம் எப்படி, பணக் கஷ்டம் உண்டா என்று கேட்கும். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் அதை மதிக்கிறேன். ஆனால் திருச்சுழிப் பக்கம் காலனியில் வாழும் என் பெரியம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இல்லை.

பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கரண்ட் வைத்தும் திரும்ப வந்தது. கர்ப்பப்பையோடு மூத்திரப்பையையும் எடுத்தார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, கிட்னியிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் இணைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே தைப்பார்கள். 1950இல் பிரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி, அதன்பின் பரவிய முறை. தேக்கிவைக்க உள்ளே இடமில்லை. இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஒட்டிய பைதான் இனி மூத்திரப்பை. குடல் துண்டு என்பதால் சளி போலவும் வரும். அது இயல்பு என்று தெரியாமல், சீழ் என்று பயந்து அழுதார்.

கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட உடம்பு அது. எங்கள் வெயிலில் வேர்த்தால், நாலு நாள் தாங்க வேண்டிய பை இரண்டே நாளில் கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் தோலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். காலனிக் குழாயில் தினமும் தண்ணீர் வராது. நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் கிருமித் தொற்றும் கல்லும் வரும் என்கிறார் டாக்டர். மதுரைக்குப் பஸ் ஏறும் நாளில் பெரியம்மா ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. பை நிறைந்தால் எங்கே போய்க் கொட்டுவது?

நூறு நாள் வேலையில் பக்கத்தில் உட்கார்ந்த ஊர்த்தெருப் பெண் முந்தானையால் மூக்கை மூடினாராம். “பை கசிஞ்சிருச்சா பெரியம்மா?” என்றேன்.

“எனக்குப் பை இருக்கிறதே அவளுக்குத் தெரியாதுடி. எப்பவும் மூடுறதுதான்.”

எந்தப் படிவத்தில் இதைக் குறிப்பது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. வயிற்றில் பையோடு வாழ்வோர் தனி வகையாக அதில் இல்லை. அதேசமயம், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்குப் பைகள் வீடு தேடி வருகின்றன. அந்தப் பை வரும் வழியில் இந்தப் பையும் வரட்டும். இது கருணை மனு அல்ல, உரிமைக் கோரிக்கை.

1927இல் மகாத் குளத்தில் பாபாசாகேப் அள்ளியது ஒரு கை தண்ணீர். கையில் படிவத்தோடு கிராமத்துக்குப் போகும் மாணவத் தோழர்களே, 31ஆவதாக ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் தெருக் குழாயில் கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது?

ஜெய் பீம்.